கூப்பிடுகிறவர் காதுக்கு ஒரு பாட்டு

மலேசியாவில் ஒருவருக்குப் போன் அடித்தால், மறுமுனையில் மணி அடிக்கிறது என்பதைச் சொல்ல ஓர் ஒலி வரும். ‘ட்ரூட் ட்ரூட்’ என்று இரட்டையாக ஒலித்து, சற்று நின்று, மீண்டும் இரட்டையாக ஒலிக்கும். அதற்குக் கணக்கு உண்டு. 425 ஹெர்ட்ஸ் அதிர்வெண், 0.4 விநாடி ஒலி, 0.2 விநாடி மௌனம், மறுபடி 0.4 விநாடி ஒலி, பிறகு 2 விநாடி மௌனம். வெள்ளைக்காரன் விட்டுப்போன தாளம் இது. பிரிட்டனில் இன்றும் இதே தாளம்தான், சுருதி மட்டும் வேறு. தண்டவாளம், தபால் பெட்டி, ரப்பர் தோட்டம் என்று அவன் விட்டுப்போனதையெல்லாம் யாராவது விற்றுப் பார்த்துவிட்டார்கள். இந்த ஒலியை மட்டும் பல காலம் யாரும் சீண்டவில்லை.

2002இல் கொரியர்கள் சீண்டினார்கள். அடுத்த இரண்டு மூன்று ஆண்டுகளில் எங்கள் ஊரான ஸ்ரீ கெம்பாங்கானில் யாரைக் கூப்பிட்டாலும் ‘ட்ரூட் ட்ரூட்’ போய்ப் பாட்டு வந்தது. கார் பட்டறைக்காரரை அழைத்தால் முருகன் பாட்டு. வீட்டுக் கடன் முகவரை அழைத்தால் காதல் பாட்டு. துக்கச் செய்தி சொல்ல அழைத்தால் மறுமுனையில் குத்துப்பாட்டு. அதற்குள் வாய்திறந்து அழுதவர்களும் உண்டு. தமிழ்நாட்டில் ஹலோ டியூன், காலர் டியூன் என்றார்கள். இங்கே காலர் ரிங்டோன் என்றோம்.

இணையத்தில் பாட்டு வைத்துப் பிழைக்கப் பார்த்தவர்கள் விளம்பரப் பட்டையை நம்பித் தெருவில் நின்ற காலத்தில், காசு வந்து விழுந்த இடம் இதுதான். கணினித் திரையில் விழவில்லை. போன் மணிக்கும் ‘ஹலோ’வுக்கும் நடுவில் விழுந்தது.

விளம்பரப் பட்டை பிறந்தது 1994 அக்டோபர் 27. ஹாட்வயர்ட் என்ற அமெரிக்க இணைய இதழ் தன் பக்கத்தின் தலையில் நீளமான ஒரு பெட்டியை ஏடி&டி போன்ற நிறுவனங்களுக்கு விற்றது. பின்னாளில் 468க்கு 60 புள்ளி என்பது உலக அளவாயிற்று. செய்தித் தளத்துக்கு இந்த வியாபாரம் ஒருவாறு ஒத்துவந்தது. வாசகன் பக்கத்தைப் பார்த்துக்கொண்டே இருக்கிறான். பார்க்கும் கண்ணுக்குத்தானே விளம்பரதாரர் காசு கொடுக்கிறார்.

பாட்டுத் தளத்துக்கு இது பொருந்தவே பொருந்தாது. பாட்டைத் தட்டிவிட்டவன் அந்தப் பக்கத்தைச் சுருக்கிவிட்டு வேறு வேலைக்குப் போய்விடுவான். காது தளத்தில் இருக்கும், கண் இருக்காது. செலவோ கேட்கக் கேட்க ஏறும். எழுத்துப் பக்கம் ஒருமுறை இறங்கினால் முடிந்தது. ஐந்து நிமிடப் பாட்டு ஐந்து நிமிடமும் சர்வரிலிருந்து ஓடிக்கொண்டே இருக்க வேண்டும், அந்தத் தரவுப் போக்குவரத்துக்குத் தளக்காரர் காசு கட்ட வேண்டும். கூட்டம் சேரச் சேர நட்டம். இட்லிக் கடைக்காரருக்குக்கூடப் புரிகிற கணக்கு இது. ஆனால் 1999இல் முதலீட்டாளர்களுக்குப் புரியவில்லை.

தமிழர்களுக்கு அன்று ராகா, மியூசிக் இந்தியா ஆன்லைன் போன்ற தளங்கள் இருந்தன. ரியல் பிளேயரில், தொலைபேசிக் கம்பி வழியாக, பாட்டு விட்டுவிட்டு ஒலிக்கும். சரணத்துக்கு நடுவில் ‘பஃபரிங்’ என்று எழுத்து வந்து நிற்கும். நியூ ஜெர்சியிலும் டொராண்டோவிலும் கிள்ளானிலும் உட்கார்ந்து பழைய பாட்டைத் தேடிப் பிடித்தவர்களுக்கு அது போதும். அந்தக் கூட்டத்தை நம்பி வந்த விளம்பரங்கள் பெரும்பாலும் அழைப்பு அட்டை, பணம் அனுப்புதல், கல்யாணத் தளம். 2000 மார்ச்சில் அமெரிக்கப் பங்குச்சந்தையில் டாட்காம் குமிழி உடைந்ததும் விளம்பரப் பட்டையின் விலை பாதாளத்துக்குப் போனது.

எம்பி3.காம் கதை இதைவிடப் பெரிது. மைக்கேல் ராபர்ட்சன் 1997இல் தொடங்கியது. 1999இல் பங்குச்சந்தைக்குப் போய்க் கோடிகளைத் திரட்டியது. பாட்டு கேட்கப்பட்ட அளவுக்குக் கலைஞர்களுக்குக் காசு கொடுத்துப் பார்த்தது. பிறகு காப்புரிமை வழக்கில் மாட்டி, 2001இல் 37 கோடி டாலர் சொச்சத்துக்கு விவெண்டி யுனிவர்சலிடம் போய்ச் சேர்ந்தது. பக்கத்திலேயே நாப்ஸ்டர் 1999இல் எல்லாப் பாட்டையும் இலவசமாக்கிவிட்டிருந்தது. பாட்டுக்குக் காசு கேட்டால் ஏன் கொடுக்க வேண்டும் என்று ஒரு தலைமுறை கேட்கத் தொடங்கியது அப்போதுதான்.

அதே தலைமுறை ஒரு கேள்வியும் கேட்காமல் வேறோர் இடத்தில் காசு கொடுத்தது. பின்லாந்தில் 1998இல் ரேடியோலிஞ்யா என்ற கைப்பேசி நிறுவனம் குறுஞ்செய்தி வழியாக ரிங்டோன் விற்கத் தொடங்கியது. அதற்கு வழிசெய்தவர் வெசா-மத்தி பானானென். ஒரே நேரத்தில் ஒரு சுரம் மட்டும் ஒலிக்கும் ‘டிங் டிங்’ ஓசை அது. ஒரு பாட்டின் முழு ஒலிப்பதிவை இலவசமாக இறக்கிக்கொள்ளும் பையன், அதன் எலும்புக்கூட்டைக் காசு கொடுத்து வாங்கினான். ஏன்? பாட்டைக் கேட்க அல்ல. பேருந்தில் தன் போன் அடிக்கும்போது நான்கு பேர் திரும்பிப் பார்க்க. இன்னொரு காரணமும் உண்டு: காசு போன் பில்லில் சேர்ந்துவிடும். கடனட்டை எண் தட்ட வேண்டாம், படிவம் நிரப்ப வேண்டாம், யோசிக்கவும் நேரமில்லை.

ரிங்டோனுக்கு ஒரு குறை இருந்தது. அது போனுக்குள் வந்து உட்கார்ந்துவிடும். உள்ளே வந்த பொருளைத் திருடலாம். நோக்கியா 3310இல் விசைகளை வரிசையாகத் தட்டி நாமே மெட்டுப்போட முடிந்தது; அந்த வரிசையைத் தாளில் எழுதிப் பள்ளிக்கூடப் பிள்ளைகள் கைமாற்றிக்கொண்டார்கள். பிறகு அகச்சிவப்பு, புளூடூத் வந்து அந்தத் தாளும் தேவையில்லாமல் போயிற்று.

கொரியர்கள் செய்த புத்திசாலித்தனம், பாட்டைப் போனுக்குள் அனுப்பாததுதான்.

அங்கே நிலைமை கழுத்துக்கு வந்திருந்தது. 2000இல் தொடங்கிய சொரிபாடா என்ற கோப்புப் பகிர்வுத் தளம் கொரியாவின் நாப்ஸ்டர் எனப் பெயரெடுத்து இசைத்தட்டு விற்பனையைக் குலைத்தது. 2002 ஜூலையில் நீதிமன்ற உத்தரவால் அதன் சேவை நின்றது. அதே ஆண்டில்தான் எஸ்கே டெலிகாம் ‘கலரிங்’ என்ற பெயரில் புதிய சேவையை அறிமுகப்படுத்தியது. நுட்பத்தைக் கொடுத்தது அதே குழுமத்தின் வைடர்தான் நிறுவனம். மாதக் கட்டணம் 900 வோன், பாட்டுக்குத் தனிக் காசு. இப்படி ஒன்று செய்யலாம் என்ற எண்ணம் அதற்கு முன்பே சிலருக்கு வந்திருந்தது. 1990களின் கடைசியிலேயே அமெரிக்காவில் காப்புரிமை கேட்டு மனு போட்டிருந்தார்கள். ஆனால் கோடிக்கணக்கான சந்தாதாரர்களுக்கு விற்றுக் காட்டியது சோல் நகரம். அடுத்த ஆண்டே ஜப்பானில் என்டிடி டோகோமோ ‘மெலடி கால்’ கொண்டுவந்தது. 2004இல் இந்தியாவில் ஏர்டெல் ‘ஹலோ டியூன்ஸ்’ என்றது. இன்ஃபோசிஸில் முளைத்துப் பெங்களூரில் வளர்ந்த ஆன்மொபைல் போன்ற நிறுவனங்கள் பல நாடுகளின் தொலைபேசி நிறுவனங்களுக்கு இந்தப் பாட்டுப் பெட்டியை நடத்திக்கொடுத்தே பெரிதாயின.

அது வேலைசெய்யும் விதத்தைக் கொஞ்சம் பக்கத்தில் போய்ப் பார்க்கலாம். நீங்கள் என்னை அழைக்கிறீர்கள். உங்கள் காதில் விழும் ‘ட்ரூட் ட்ரூட்’ என் போனிலிருந்து வருவதில்லை. என் பக்கத்து இணைப்பகம் உண்டாக்கி அனுப்புவது. நான் பாட்டுச் சந்தா கட்டியிருந்தால், சந்தாதாரர் பதிவேட்டில் என் எண்ணுக்கு எதிரே ஒரு குறி இருக்கும். இணைப்பகம் அந்தக் குறியைப் பார்த்ததும் உங்கள் அழைப்பைப் பாட்டு வைத்திருக்கும் சர்வர் பக்கம் திருப்பிவிடும். அந்தச் சர்வர் நான் தேர்ந்தெடுத்த பாட்டை ஓடவிடும். நான் ‘ஹலோ’ என்றதும் பாட்டு அறுந்து பேச்சு இணையும். அதுவரை உங்களுக்கு அழைப்புக் கட்டணம் கிடையாது. என் போன் பழைய கறுப்பு வெள்ளைப் போனாக இருந்தாலும் சரி, சேவை நடக்கும். தோட்டத்துப் பாட்டி வைத்திருக்கும் நோக்கியாவிலும் நடக்கும். புதுக் கருவி தேவையில்லை, இணையம் தேவையில்லை, திருட வழியும் இல்லை. பாட்டு இணைப்பகத்தைத் தாண்டி வெளியே வருவதே கிடையாதே.

அந்தக் குழாய் வழியாக வந்த பாட்டு என்ன பாடுபட்டது என்பது தனிக் கதை. அன்றைய தொலைபேசிக் குழாய் பேச்சுக்காகச் செய்தது. 300 ஹெர்ட்ஸுக்குக் கீழேயும் 3400க்கு மேலேயும் உள்ளதைக் கழித்துவிடும். மிருதங்கத்தின் தொப்பி முழக்கம் போய்விடும். ஜால்ரா போய்விடும். இளையராஜா பாடுபட்டு எழுதிய பேஸ் கிட்டார் நடையில் பாதி காணாமல் போகும். மிஞ்சியதைக் கைப்பேசி வலையமைப்பு விநாடிக்கு 13 கிலோபிட் அளவுக்குச் சுருக்கும். சாதாரண எம்பி3 பாட்டு 128. அந்தச் சுருக்கும் கணக்கு மனிதத் தொண்டையை மாதிரியாக வைத்துப் போட்டது என்பதால் ஒற்றைக் குரலும் புல்லாங்குழலும் பிழைத்துக்கொள்ளும். வயலின் கூட்டம் தண்ணீருக்கடியில் கேட்பதுபோல் குழம்பும். கொரியாவின் சிடிஎம்ஏ வலையமைப்பில் இன்னொரு கூத்து: பேசாத நேரத்து இரைச்சலை வெட்டச் சொல்லி வைத்த மென்பொருள், இசையையே இரைச்சல் என்று முடிவுகட்டி நடுநடுவே வெட்டியது. அதைச் சமாளிக்கப் பாட்டை முன்கூட்டியே பதப்படுத்தி ஏற்றும் வழிகளைத் தேடி அங்கே பொறியாளர்கள் ஆய்வுக் கட்டுரைகளே எழுதினார்கள்.

மணி அடிப்பது பொதுவாக 20, 30 விநாடிதான். அதற்குள் பாட்டு தன்னை யாரென்று சொல்லியாக வேண்டும். ஒரு நிமிட முன்னிசைக்கு இங்கே இடமில்லை. நறுக்குகிறவர் நேரே பல்லவியில் தொடங்குவார், அல்லது எல்லாருக்கும் தெரிந்த ஒரு குழலிசைத் துணுக்கை எடுப்பார். கோரஸ் எந்த விநாடியில் வருகிறது என்று இசையமைப்பாளர்கள் கவலைப்படத் தொடங்கியதற்கு இந்த 30 விநாடிக்கும் பங்குண்டு என்பது என் எண்ணம். இன்று ரீல்ஸுக்காக நறுக்குகிறார்கள். கத்தி மாறியிருக்கிறது, அளவு மாறவில்லை.

இனி எங்கள் ஊருக்கு வருகிறேன். மலாயா அவசரகாலத்தில் சீனர்களைக் குடியேற்ற உருவான புதுக்கிராமம்தான் ஸ்ரீ கெம்பாங்கான். பழைய ஆட்கள் இன்னும் செர்டாங் பாரு என்பார்கள். ஈயம் தோண்டிய பெரும்பள்ளம் ஏரியாகி, அதன் கரையில் மைன்ஸ் பேரங்காடி எழுந்தது. கோலாலம்பூரின் இரட்டைக் கோபுரத்திலிருந்து சைபர்ஜெயா வழியாக விமான நிலையம் வரை 1996இல் கோடு போட்ட பல்லூடகப் பெருவழி இந்தப் பக்கமாகத்தான் போகிறது. பெருவழியில் என்ன ஓடியதோ தெரியாது. 2000களின் நடுவில் எங்கள் தெருவில் ஓடியது ப்ரீபெய்ட். தொழிற்சாலைத் தொழிலாளி, பல்கலைக்கழக மாணவர், பாலாக்கோங் பக்கம் அறைக்கலன் பட்டறையில் வேலை செய்த பங்களாதேஷி என எல்லாரும் பத்து வெள்ளி, முப்பது வெள்ளி என்று டாப்அப் போட்டார்கள். கடனட்டை இல்லாதவனிடமும் டாப்அப் பாக்கி இருந்தது. இணையத் தளம் எதுவும் எட்ட முடியாத காசு அது.

பாட்டு விற்பனையின் மற்ற வாசல்களோ அடைபட்டுக் கிடந்தன. பாசார் மாலாம் என்னும் இரவுச் சந்தையில் திருட்டு விசிடி குவிந்து கிடக்கும். புதுப்படம் வெள்ளிக்கிழமை வந்தால் சனிக்கிழமை பாட்டும் படமும் ஒரே தட்டில். ஒளித்தட்டுச் சட்டம் 2000இல் வந்தது. 2003 முதல் ஒவ்வோர் அசல் தட்டிலும் அரசின் ஹோலோகிராம் ஒட்டியிருக்க வேண்டும் என்றார்கள். மின்னும் அந்தச் சின்ன ஒட்டியைப் பார்த்து வாங்கியவர்கள் யார் என்பதை விற்றவர்களைத்தான் கேட்க வேண்டும். உள்நாட்டுத் தமிழ்க் கலைஞர் ஓர் ஆல்பம் போட்டால் முதல் நூறு தட்டு உறவுக்காரர் வீட்டுக்கும் நண்பர் வீட்டுக்கும் போகும், மிச்சம் பெட்டியில் தூங்கும். 2006இல் யோகி பி & நட்சத்திராவின் ‘வல்லவன்’ வந்து தமிழ் ஹிப்ஹாப்பைத் தமிழ்நாட்டுக்கே ஏற்றுமதி செய்தது. அந்த அளவு பெயரெடுக்காதவர்கள் வானொலியில் தங்கள் பாட்டு எப்போது வரும் என்று காத்திருந்தார்கள்.

அப்படிப்பட்ட ஊரில் திருட முடியாத பாட்டு ஒன்று விலைக்கு வந்தால் என்ன ஆகும்? நாளிதழ்களில் பாட்டுப் பெயரும் எதிரே எண்ணுமாகப் பத்தி பத்தியாக விளம்பரம் வந்தது. எண்ணைத் தட்டி, 3இல் தொடங்கும் ஐந்திலக்க எண்ணுக்கு அனுப்பினால் போதும். தைப்பூசத்துக்கு முன் பத்துமலை முருகன், தீபாவளிக்குப் புதுப்படம், காதல் முறிந்தால் சோகப் பாட்டு. ஒருவரின் மனநிலையை அவர் எடுத்துப் பேசுமுன்னே தெரிந்துகொள்ளலாம்.

ஒருநாள் எங்கள் ஊர்க் கைத்தொலைபேசிக் கடையில் ஓர் அம்மாள் கடைப்பையனோடு மல்லுக்கு நின்றார்.

“தம்பி, நேத்துதான் பத்து வெள்ளி போட்டேன். ஒரு கோல் போடல. நாலு வெள்ளியக் காணோம்.”

“பாட்டு வெச்சிருக்கீங்களாக்கா?”

“நான் எங்க வெச்சேன்? பொண்ணு வெச்சிக் குடுத்தா.”

“அதான் வெட்டிட்டான். மாசா மாசம் வெட்டுவான்க்கா.”

“என்ன பாட்டுன்னுகூட எனக்குத் தெரியாதே தம்பி. எல்லாரும் நல்லா இருக்குன்றாங்க.”

அந்த அம்மாள் சொன்ன கடைசி வாக்கியத்தில்தான் இந்தப் பொருளின் ரகசியம் முழுதும் இருக்கிறது. காசு கட்டுபவர் பாட்டைக் கேட்பதே இல்லை. கேட்பவர் காசு கட்டுவதே இல்லை. வாசலில் போடும் கோலத்தைப்போல, அது தெருவில் போகிறவர்களுக்கு. உலகத்தில் இசை விற்ற எல்லாரும் ‘கேட்கிறவன் ஏன் காசு தர மறுக்கிறான்’ என்று மண்டையை உடைத்துக்கொண்டிருந்தபோது, கொரியர்கள் கேட்கிறவனை விட்டுவிட்டு, பிறர் காதில் தன் பெயரோடு ஒரு பாட்டு ஒலிக்க வேண்டும் என்று ஆசைப்படுகிறவனைப் பிடித்தார்கள்.

தமிழனுக்கு அந்த ஆசை புதிதல்ல. இலங்கை வானொலிக்கும் மலேசிய வானொலிக்கும் அஞ்சலட்டை எழுதிப்போட்டவர்களின் ஆசைதான் அது. நேயர் விருப்பத்தில் பாட்டு மூன்று நிமிடம். அதற்கு முன் பெயர்ப் பட்டியல் இரண்டு நிமிடம். காஜாங்கிலிருந்து இன்னார், அவர் துணைவியார், பிள்ளைகள், பெரியம்மா, அத்தை... பாட்டு எல்லாருக்கும் தெரிந்த பாட்டுதான், எத்தனையோ முறை கேட்டதுதான். பெயர் காற்றில் வருவதைக் கேட்கத்தான் குடும்பமே வானொலிப் பெட்டியைச் சுற்றி உட்காரும். அதற்கு அன்று அஞ்சல்தலைக் காசு மட்டும் செலவு. காலர் ரிங்டோன் அதற்கு மாதச் சந்தா போட்டது.

வந்த காசு யாருக்குப் போயிற்று? இங்கேதான் கதை கசக்கிறது. இந்தியாவில் மாதம் 30 ரூபாய் வாடகை, பாட்டுக்கு 15 ரூபாய் என்பது வெகுகாலம் வழக்கமான விலை. அதில் பாதிக்கு மேல் தொலைபேசி நிறுவனம் எடுத்துக்கொள்ளும். மிச்சத்தைச் சர்வர் நடத்துகிறவரும் இசை நிறுவனமும் பங்குபோடுவார்கள். மெட்டுப்போட்டவருக்கும் எழுதியவருக்கும் ஒப்பந்தம் எப்படியோ அப்படி. பழைய திரைப்பட ஒப்பந்தங்களில் ‘கைப்பேசி’ என்ற சொல்லே இருந்திருக்காது. பாட்டைப் பிரசவித்தவர் வாசலில் நிற்க, வண்டிக்காரர் பந்தியில் உட்கார்ந்த கதை. 2012இல் இந்தியக் காப்புரிமைச் சட்டத்தைத் திருத்தி, திரையரங்குக்கு வெளியே பாட்டு பயன்படும்போது கவிஞருக்கும் இசையமைப்பாளருக்கும் சமபங்கு உண்டு என்றார்கள். காலர் டியூன் கொழித்த ஆண்டுகளில் பெரும்பகுதி அதற்குள் ஓடிவிட்டது.

இந்தச் சண்டையின் ஒரு முனை நம் நாட்டிலேயே இருந்தது. இளையராஜாவின் பாட்டுகளுக்கான உரிமை தன்னிடம் இருப்பதாகச் சொன்ன அகி மியூசிக் மலேசிய நிறுவனம். ஒப்பந்தம் காலாவதியான பிறகும் பாட்டுகளைப் பயன்படுத்துகிறார்கள் என்று இளையராஜா சென்னை உயர் நீதிமன்றம் போனார். பல ஆண்டு இழுத்து 2019 ஜூனில் தீர்ப்பு வந்தது. அதோடும் சச்சரவு ஓயவில்லை. ஒலிப்பதிவு ஒருவருக்கு, மெட்டு இன்னொருவருக்கு, தார்மிக உரிமை வேறு என்று சட்டம் பிரித்துப் பேசும் விஷயத்தைப் பொதுமக்கள் முதன்முதலாகக் காதுகொடுத்துக் கேட்டது இப்படிப்பட்ட வழக்குகளால்தான். இங்கே 1989 முதல் எம்ஏசிபி என்ற படைப்பாளர் உரிமை அமைப்பு பாட்டு ஒலிக்கும் இடங்களில் வசூல் செய்து பிரித்துக்கொடுக்கிறது. உள்நாட்டுக் கலைஞர்களில் அதில் உறுப்பினராகாமலே காலந்தள்ளியவர்கள் ஏராளம். அவர்கள் பாட்டு ஒலித்தாலும் பங்கு கேட்க ஆளில்லை.

காலர் ரிங்டோன் விழுந்ததற்குக் காரணம் பேராசை. கேட்காமலே சந்தாவைத் தட்டிவிட்டார்கள். தவறிப்போய் ஒரு விசை அமுக்கினாலும் பாட்டு ஒட்டிக்கொண்டது. ஏர்டெலில் அடுத்தவர் பாட்டு ஒலிக்கும்போது நட்சத்திர விசையை அழுத்தினால் அதே பாட்டு நமக்கும் வந்துவிடும். வசதிதான், ஆனால் குழந்தை கையில் போன் இருந்தால் என்ன ஆகும்? புகார்கள் குவிந்ததும் இந்தியத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் டிராய் 2011 ஜூலையிலும் 2013 ஜூலையிலும் கடிவாளம் போட்டது: வாடிக்கையாளர் இரண்டு முறை உறுதிசெய்யாமல் சேவையைத் தொடங்கக் கூடாது. இரண்டாம் முறை கேட்டதும் பலர் வேண்டாம் என்றார்கள், வருமானம் சரிந்தது. மலேசியாவிலும் தொடர்பு, பல்லூடக ஆணையம் கட்டாய விதிகள் வகுத்தது. குறுஞ்செய்தியின் முதலிலேயே விலை இருக்க வேண்டும், இலவசமானால் சுழியம் என்று காட்ட வேண்டும், ‘ஸ்டாப்’ என்று அனுப்பினால் நிறுத்த வேண்டும். இரண்டாம் முறை கேட்டால் ‘வேண்டாம்’ என்று சொல்லிவிடுகிற வாடிக்கையாளரை வாடிக்கையாளர் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

பிறகு வாட்ஸ்அப் 2015இல் அழைப்பைத் தொடங்கியது. வாட்ஸ்அப் அழைப்பு இணைப்பகத்தின் பாட்டுப் பெட்டி வழியாகப் போவதில்லை. 2016 செப்டம்பரில் இந்தியாவில் வந்த ஜியோ நிறுவனம், பின்னர் ஜியோ டியூனை இலவசமாகவே கொடுத்தது. இலவசம் என்றதும் பொருளின் மவுசு பாதி போயிற்று. 2020 மார்ச்சில் இந்தியாவில் யாரைக் கூப்பிட்டாலும் இருமலோடு கொரோனா எச்சரிக்கை ஒலிக்க, நிறுவனங்கள் விற்றுவந்த அந்த இடைவெளியை அரசாங்கமும் கண்டுகொண்டது தெரிந்தது.

பொருள் நலிந்தாலும் அது கற்றுக்கொடுத்த பாடத்தைச் சிலர் எடுத்துக்கொண்டார்கள். ஒரு பாடம், ஏற்கெனவே திறந்திருக்கும் பையில் கைவைப்பது. 2015இல் இங்கே செல்காம் தொலைபேசி நிறுவனம் தன் சந்தாதாரர்களுக்கு யோண்டர் மியூசிக் என்ற விளம்பரமற்ற சேவையைப் போன் திட்டத்தோடு சேர்த்துக் கொடுத்துப் பார்த்தது, அது நீடிக்கவில்லை.

அதைவிட ஆழமான பாடத்தைச் சீனர்கள் எடுத்துக்கொண்டார்கள். 2018இல் டென்சென்ட் மியூசிக் அமெரிக்கப் பங்குச்சந்தைக்குப் போனபோது கணக்கைத் திறந்து காட்டியது. 2017 வருமானத்தில் 70 விழுக்காட்டுக்கு மேல், பாட்டுக் கேட்கக் கட்டிய சந்தா அல்ல, விளம்பரமும் அல்ல. பெரும்பாலும் கராவோக்கே செயலியிலும் நேரலையிலும் பாடுகிறவருக்கு ரசிகர்கள் வாங்கிக் கொடுத்த மின்பரிசுகள்: திரையில் பறக்கும் ரோஜா, கார், ராக்கெட். ராக்கெட் விடுகிறவரின் பெயர் எல்லார் திரையிலும் தெரியும். அதற்குத்தான் காசு. 2008இல் தொடங்கிய பேண்ட்கேம்ப் கொஞ்சம் நாகரிகமாக அதையே செய்தது. கலைஞர் விலை வைக்கலாம், ரசிகர் அதற்கு மேலும் கொடுக்கலாம், மின்பதிப்பு விற்பனையில் தளத்தின் பங்கு 15 விழுக்காடு. வாங்கியவர்களின் முகப்படம் ஆல்பத்தின் பக்கத்திலேயே வரிசையாக நிற்கும்.

பிரிக்பீல்ட்ஸிலோ கிள்ளானிலோ யாராவது தமிழ்ப் பாட்டுத் தளம் தொடங்கப் போவதாகச் சொன்னால், பட்டை விளம்பரத்துக்கு இடம் விடாதே என்பேன். திருமணத்துக்கும் பிள்ளையின் பிறந்தநாளுக்கும் பெயர்சொல்லிப் பாடிக்கொடுக்கும் உள்நாட்டுப் பாடகரின் பாட்டுக்கு விலை வை. ஆல்பத்துக்குக் காசு கொடுத்த நூறு பேரின் பெயரைப் பக்கத்தில் போடு. தீபாவளிக்கு வாழ்த்துச் சொல்ல இடம் விற்றுக்கொள். வருமானத்தில் பாடகருக்கு என்ன பங்கு என்பதை முதல் பக்கத்திலேயே எழுதிவை. காலர் ரிங்டோன் செய்யத் தவறியது அதைத்தான். பாடகருக்கு எவ்வளவு போகிறது என்பது காசு கொடுக்கிறவருக்குத் தெரியும்படியும், மாதாமாதம் திருட்டுத்தனமாக வெட்டாமலும் நடத்தினால் இந்த வியாபாரத்தில் இன்னும் உயிர் இருக்கிறது.

கடைசியாக உங்களுக்கு ஒரு வேலை. உங்கள் எண்ணில் பாட்டு இருக்கிறதா என்பதை உங்களால் கேட்டுத் தெரிந்துகொள்ள முடியாது. வீட்டில் இன்னொருவர் போனை வாங்கி, வாட்ஸ்அப்பில் அல்லாமல் சாதாரண அழைப்பாக உங்களையே கூப்பிட்டுப் பாருங்கள். அம்மா, அப்பா, தாத்தா பாட்டி எண்களையும் கூப்பிட்டுப் பாருங்கள். ‘ட்ரூட் ட்ரூட்’ வந்தால் சரி. பாட்டு வந்தால், தொலைபேசி நிறுவனத்தின் செயலியைத் திறந்து சந்தாக்கள் என்ற இடத்தில் என்ன வெட்டுகிறார்கள் என்று பார்த்துவிட்டு, வேண்டுமானால் வைத்துக்கொள்ளுங்கள், வேண்டாமென்றால் நிறுத்திவிடுங்கள்.